முந்திக் கட்டிய தவணை

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில் அவளுக்கு 'அவசரம்' என்று பெயர். எட்டு மணி வேலைக்கு ஏழரைக்கே வந்து ஷட்டருக்கு முன்னால் நிற்பாள். வாட்ச்மேன் சாவியைத் தடவிக்கொண்டிருக்கும்போது, "தேடுங்க, நான் என்ன அவசரப்படுத்தினேனா?" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவாள்.

"உன்னை உங்கம்மா குறைமாசத்துலதான் பெத்திருக்கணும்" என்பாள் காஜா எடுக்கிறவள்.

"பின்னே? அதுலயும் நான்தான் முந்தினேன்."

ஆனால் வேலையில் அவளுக்கு அவசரம் கிடையாது. துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டை அச்சை வைத்து, சாக்கட்டியால் கோடு இழுத்து, மின்கத்தியை ஓட்டுவது அவள் பொறுப்பு. கோடு ஒரு இடத்தில் பிசகினால் ஒரு சட்டையோடு போகாது, ஒரு வகுப்புக்கே இடது கை குட்டையாகிவிடும். அதனால் கத்தியைத் தொடுமுன் மேஜையைச் சுற்றி வந்து ஒவ்வொரு மூலையையும் இழுத்துப் பார்ப்பாள். அவசரமெல்லாம் பணம் கைக்கு வந்த பிறகுதான்.

அதற்குக் காரணம் அவள் கணவர். தெருவில் அவரை 'முதலாளி' என்று கூப்பிடுவார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தது. அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவே இல்லை, கடைசியில் கூப்பிட்டவர்களுக்கே பழகிவிட்டது. தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரம் விற்றார். அப்புறம் போனுக்கு உறை விற்கிற கடை. அப்புறம் வாடகைக்கு ஒரு பழைய வேன். தொழில் மாறிக்கொண்டிருந்தது, முதல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வந்தது. மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான் பேங்கில் கிரெடிட் கார்டு கொடுப்பார்கள் என்பதால் மூன்று கார்டும் அவள் பெயரில் இருந்தன. மூன்றும் விளிம்பு வரை நிரம்பியிருந்தன.

குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். வெளியில் சொல்லி அழக்கூட வழியில்லாத மனுஷன். வீட்டில் பணம் இருந்தால் மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். சத்தம் போட்டுக் கேட்க மாட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே, "பதினைஞ்சே நாள், பொரட்டிக் கொடுத்துடறேன்" என்பார். எந்தப் பதினைந்து நாள் என்பதைத் தவிர எல்லாவற்றையும் சொல்வார்.

மறுத்துப் பேச அவளுக்கு வராது. அதனால் வேறு ஒரு வழி வைத்திருந்தாள். சம்பளம் கைக்கு வந்த உடனே கட்ட வேண்டியதையெல்லாம் வழியிலேயே கட்டிவிடுவாள். வாடகை, கரண்டு, கேஸ், மூன்று கார்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம். வீட்டுப் படியேறும்போது பர்ஸில் பஸ் காசுதான் இருக்கும். கேட்கிறவருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போவதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே மறுப்பு.

ஆனாலும் கடன் அசையவில்லை. மூன்று கார்டுக்கும் கட்டுவது வட்டிக்கே சரியாகப் போனது. இத்தனை வருஷம் கட்டிய பிறகும் அசல், தெருமுனையில் பழுதாகி நின்ற அந்த வேன் மாதிரி அப்படியே நின்றது.

அவளுக்குப் பிள்ளை இல்லை. தங்கச்சி இருந்தாள். அம்மா போனபோது சின்னவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மேலே படிக்க வைத்ததும், விடுதியில் சேர்த்ததும், முதல் நாள் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் பெரியவள்தான். இப்போது சின்னவள் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் கணவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணக்குப் பிரிவு. அறையை விட்டு வெளியே வந்தால் விளக்கை அணைத்துவிட்டு, அணைந்ததா என்று திரும்பிப் பார்க்கிற ஆள். நல்ல மாதிரி. பெரியவளை 'அண்ணி, அண்ணி' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார், அவளுக்கு அவர் 'தம்பி'.

அந்த யோசனையைக் கொண்டுவந்தது சின்னவள்தான். ஆஸ்பத்திரி கேன்டீனில் அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"எங்க பேங்க்ல புதுசா ஒரு கார்டு தராங்கக்கா. பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்னு பேரு. மத்த கார்டுல இருக்கிற கடனை இதுக்கு மாத்திக்கலாம். அந்தக் கடன் யார் பேர்ல இருந்தாலும் பரவாயில்லையாம். பதினெட்டு மாசம் வட்டியே கிடையாது."

"சும்மாவா?"

"மாத்தறப்ப ஒரு கட்டணம். நூத்துக்கு மூணு. அவ்வளவுதான்."

பெரியவள் டீயை ஆற்றினாள். "அவங்களுக்கு இதுல என்ன லாபம்?"

"நாம எப்படியும் தவறுவோம்னு நம்பறாங்க. ஒரு மாசம் தவணை தவறினாக்கூட சலுகை போயிடும். மிச்சம் இருக்கிற மொத்தத்துக்கும் வட்டி ஏறும்."

"தவறுறதா? நானா?"

சின்னவள் சிரித்தாள். "உன்னை நம்பித்தானே சொல்றேன்."

"என் பேர்ல எடுத்துடலாமா?"

"உன் மூணு கார்டும் இருக்கிற நிலைமைக்கு உனக்குத் தர மாட்டாங்கக்கா. என் பேர்ல எடுக்கறேன். நீ கட்டு."

"தம்பிகிட்ட சொல்லிட்டியா?"

"அவர்கிட்ட சொன்னா கணக்குப் போடுவார். கணக்குப் போட்டா வேண்டாம்னுதான் வரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேங்க் மெசேஜ் வந்தா வீட்ல அவர் கண்ணுலயும் படும். அதையெல்லாம் நிறுத்தி வச்சுடறேன். நீ மாசாமாசம் ரெண்டாம் தேதிக்குள்ள கட்டிடு, அது போதும்" என்றாள்.

கடன் மாறியது. பழைய மூன்று கார்டையும் முடித்துக்கொள்வதாகப் பேங்குகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் துணி வெட்டுகிற பெரிய கத்தரியால் அவற்றை நறுக்கினாள். காஜாக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க முதலாளிக்குத் தெரியுமா?"

"எல்லாம் காலின்னு தெரிஞ்சா மறுபடி நிரப்ப வந்துடுவார். அதான் காலி பண்ணின கையோட மூடிட்டேன்."

அதற்குப் பிறகு வந்த மாதங்களைத் தன் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று அவள் சொல்லியிருப்பாள், யாராவது கேட்டிருந்தால். ஒன்றாம் தேதி, பஸ்ஸில் நின்றபடியே போனிலிருந்து தவணையைக் கட்டுவாள். கட்டியது கட்டியபடி அசலில் குறைந்தது. கடன் என்பது குறையக்கூடிய பொருள் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. மேஜையைச் சுற்றி வரும்போது வாய்க்குள் ஏதோ பாட்டுக்கூட வந்தது.

பள்ளிக்கூடம் திறக்கிற காலம் வந்தது. ராப்பகலாக வெட்டினார்கள். ஓவர்டைம் பணத்தைத் தையல் கூடத்து முதலாளியம்மா சம்பளத்தோடு சேர்க்காமல் ஐந்தாம் தேதி தனியாகக் கவரில் போட்டுக் கொடுத்தாள். அந்த மாதத் தவணையை அவள் ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தாள். கவர் கனமாக இருந்தது. வீட்டில் அவர் ஒரு வாரமாக ஐஸ் கட்டி வியாபாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மெஷின் யாரிடமோ பாதி விலைக்கு வருகிறது, மீன் கடைக்காரர்கள் எல்லோரும் வரிசையில் நிற்கப் போகிறார்கள் என்றெல்லாம்.

இந்தக் கவரோடு படியேறினால் நாளைக்கு வீட்டு வாசலில் ஐஸ் மெஷின் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். வழியில் பணத்தைக் கணக்கில் போட்டுவிட்டு, பஸ் ஏறியதும் முழுத் தவணை ஒன்றைக் கார்டுக்கு அனுப்பினாள். அடுத்த மாதத்துக்கு. முன்கூட்டியே.

வீட்டுக்குப் போனதும் அவர் கேட்டார். "ஓவர்டைம் வந்துச்சாமே?"

"வந்துச்சு. போயிடுச்சு."

"அதுக்குள்ளயா? உன் காசுக்குக் கால் முளைச்சிருக்கு" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அன்றைக்கு அவள் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி கார்டுக்குக் கட்டவில்லை. அதுதான் கட்டியாயிற்றே. அந்தப் பணத்தில், ரெண்டு வருஷமாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தவள், பல் டாக்டரிடம் போய்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள்.

அந்த மாதம் நடுவில், ஒரு மதியம், சின்னவள் தையல் கூடத்துக்கு வந்தாள். அதுவரை அவள் அங்கே வந்ததே இல்லை. துணிக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அக்கா, போன தவணை கட்டினியா?"

"கட்டினேனே. ஒரு மாசம் முந்தியே கட்டிட்டேன்."

"எப்போ?"

"அஞ்சாம் தேதி. ஓவர்டைம் வந்த அன்னிக்கே."

சின்னவள் கண்ணை மூடித் திறந்தாள். "பில் பன்னிரண்டாம் தேதிதான்கா போடுவாங்க. பில் போட்டப்புறம் வர்ற பணம்தான் அந்த மாசத் தவணை. நீ அதுக்கு முந்தி கட்டினது பழைய கணக்குல அசலோட கழிஞ்சு போச்சு. புது பில்லுக்கு ஒண்ணும் கட்டலைன்னு ஆயிடுச்சு."

"பணம் அவங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"அப்புறம் கட்டலைன்னா எப்படி?"

"அப்படித்தான்கா."

பெரியவள் கையிலிருந்த சாக்கட்டியை மேஜையில் வைத்தாள். காஜா மெஷின் நின்றது. நின்றது தெரியக் கூடாது என்பதுபோல உடனே மறுபடி ஓடியது.

"சலுகை போச்சு. மிச்சம் இருக்கிறதுக்கெல்லாம் முழு வட்டி. அது மேல ஒரு அபராதம். அதைக்கூட விடு." சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "நாங்க வீட்டு லோனுக்குப் போயிருந்தோம். உன்கிட்ட சொல்லல, கிடைச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அந்த ஆபீசர் கம்ப்யூட்டரை எங்க பக்கம் திருப்பி வச்சுட்டு, 'இந்தக் கார்டு பாக்கி உங்களுடையதா மேடம், போன தவணை கட்டலையே'ன்னு கேக்கறார். எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்திருக்கார்."

"தம்பி என்ன சொன்னார்?"

"பஸ்ல எனக்கு ஜன்னலோர சீட்டைக் கொடுத்துட்டு உக்காந்திருந்தார். இறங்கினப்புறம்தான் கேட்டார். 'இன்னும் ஏதாவது இருக்கா?' அவ்வளவுதான்."

பெரியவள் அப்போதே போனை எடுத்து, கார்டு விஷயமாகப் பேசுகிற எண்ணுக்குப் போட்டாள். நெடுநேரம் இசை ஓடியது. பிறகு ஒரு பெண் பேசினாள். பெரியவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்: முந்திக் கட்டினது, தவறே செய்யாதது, இத்தனை மாதமும் ஒரு நாள்கூடத் தள்ளாதது.

"கார்டு உங்க பேர்ல இருக்கா மேடம்?"

"என் தங்கச்சி பேர்ல."

"அப்போ நீங்க இதைப் பத்திப் பேச முடியாது மேடம்."

சின்னவள் போனை வாங்கவில்லை. அவள் ஏற்கெனவே பேசிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மெசேஜ் எல்லாம் அனுப்பத்தான் பார்த்தோம், நீங்கள்தானே நிறுத்தச் சொன்னீர்கள் என்று அவர்கள் கேட்டார்களாம்.

அன்றைக்கு வீட்டில் கணவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"அந்த ஓவர்டைம் காசை என்கிட்ட கொடுத்திருந்தா பத்திரமா இருந்திருக்குமே. பன்னிரண்டாம் தேதிக்கு மேல நானே கட்டியிருப்பேன்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அப்படியே நம்பித்தான் சொன்னார்.

"விடு. வேற ஒரு கார்டுக்கு மாத்திடலாம். இப்பல்லாம் இருபது மாசம்கூடத் தராங்களாம்."

"யார் பேர்ல?"

அவர் யோசித்தார். யோசிக்கிற மாதிரியே வெங்காயக் கூடையை இழுத்துவைத்துக்கொண்டார்.

அவள் அடுத்த ஒன்றாம் தேதி வரை காத்திருக்கவில்லை. கழுத்தில் கிடந்ததை அடகு வைத்து, ரெண்டு தவணைக்கான பணத்தோடு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போனாள். மாதாமாதம் எவ்வளவு கூட்டிக் கட்டலாம், எத்தனை மாதத்தில் முடிக்கலாம், அந்தப் பேங்குக்குத் தானே வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் லோனுக்கு உதவுமா என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். தங்கச்சிக்கு வீடு அமைய வேண்டும். அவள் முகம் பழையபடி ஆக வேண்டும். அதற்கு என்ன செய்யச் சொன்னாலும் செய்யத் தயாராக இருந்தாள்.

கதவைத் திறந்தது தங்கச்சி மாப்பிள்ளை. "வாங்க அண்ணி, உக்காருங்க." ஃபேனைப் போட்டார். சின்னவள் உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

பெரியவள் பையைத் திறக்கப் போனாள். மாப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினார்.

"கார்டை முடிச்சாச்சு அண்ணி. வெள்ளிக்கிழமையே மொத்தமாக் கட்டிட்டேன்."

"எதுலேர்ந்து தம்பி?"

"வீட்டுக்கு வச்சிருந்ததுலேர்ந்துதான். அந்த வீடு எப்படியும் வராது. லோன் தர ஆறு மாசம் போகட்டும்னுட்டாங்க. விக்கிறவர் காத்திருக்க மாட்டேன்னுட்டார். அட்வான்ஸ்ல பாதி போச்சு. அதை நான் இதுல சேர்க்கல."

"எதுல?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். குரலில் கோபம் இல்லை. அலுவலகத்தில் வாடிக்கையாளருக்கு விளக்குகிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார். "இவளைப் படிக்க வச்சது நீங்க. ரெண்டு வருஷ ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் எவ்வளவு ஆச்சுன்னு இவகிட்ட கேட்டேன். அந்தப் பணத்தை நீங்க அன்னிக்கு பேங்க்ல போட்டிருந்தா இன்னிக்கு என்ன ஆகியிருக்கும்னு பாத்தேன். கார்டுக்கு நான் கட்டினதை அதுல கழிச்சா, இன்னும் கொஞ்சம் நாங்கதான் உங்களுக்குத் தரணும்."

மேஜைமேல் ஒரு கவரை வைத்தார்.

பெரியவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை.

"இது அவர் சொன்னதா, நீ சொன்னதா?"

"கணக்கு அவரோடது" என்றாள் சின்னவள். "யோசனை என்னோடது."

"நான் கொடுத்தது கடனாடீ?"

"இல்லக்கா. ஆனா இனிமே நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல காசு வேண்டாம்."

"நமக்கு நடுவுல எப்போடீ காசு இருந்தது?"

"எப்பவும் இருந்துச்சுக்கா. கொடுத்த உனக்குத் தெரியல. வாங்கின எனக்குத் தெரியும்." சின்னவள் அழவில்லை. இதைப் பலமுறை சொல்லிப் பார்த்துத் தேய்ந்த குரல் அது. "நீ கார்டுக் கடனுக்கு உதவி கேட்டிருந்தா நான் முடியாதுன்னு சொல்லியிருக்கவே முடியாது. அதான் நீ கேக்கறதுக்கு முந்தி நானே கூப்பிட்டுச் சொன்னேன். இவர்கிட்ட மறைச்சேன். இப்ப இவர் என் போனைப் பாக்கறதில்ல. முந்தி பாப்பார், இப்ப பாக்கறதில்ல. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது."

மாப்பிள்ளை ஃபேனை ஒரு புள்ளி குறைத்தார்.

பெரியவள் அடகுப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு கவரையும் எடுத்துப் பையில் போட்டாள். அந்த நிமிஷத்தில் அவள் சொல்லக்கூடியது ஒன்றுதான் இருந்தது, 'வேண்டாம்' என்பது. சொல்லியிருந்தால் மறுபடி யாராவது யாருக்காவது பாக்கி ஆகியிருப்பார்கள். கழுத்தில் கிடந்ததை மீட்கவும் வேண்டும். எடுத்ததைப் பார்த்துச் சின்னவள் மூச்சை விட்டாள். லேசாகிவிட்டவள் விடுகிற மூச்சு. பெரியவள் அதைக் கேட்டாள்.

"சாப்பிட்டுப் போங்களேன் அண்ணி" என்றார் மாப்பிள்ளை.

"இல்ல தம்பி. நாளைக்கு வேலை இருக்கு."

சின்னவள் வாசல் வரை வந்தாள். அக்காவின் தோளில் பை நழுவியிருந்ததைச் சரிசெய்து விட்டாள். லிஃப்ட் வரும் வரை நிற்காமல் பெரியவள் படியிலேயே இறங்கிவிட்டாள்.

வீட்டில் கணவர் சட்டையைக் கழற்றாமலே காத்திருந்தார்.

"என்ன ஆச்சு?"

"முடிஞ்சுடுச்சு. கார்டை அவங்களே கட்டிட்டாங்க. நாம ஒண்ணும் தர வேண்டியதில்ல."

"ஒண்ணுமேவா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா. கூடப் பொறந்தவங்கன்னா இதான். நீ என்னமோ மூணு நாளா சாப்பிடாம கிடந்தே. ஒருநாள் ரெண்டு பேரையும் வரச் சொல்லு. நல்லா சமைச்சுப் போடலாம்."

"வர மாட்டாங்க."

"ஏன், கோவமா இருக்காங்களா?"

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"கோவமெல்லாம் இல்ல" என்றாள். "கோவமா இருந்திருந்தா நான் போய் சமாதானம் பண்ணியிருப்பேன்."